சீசன் முடிந்த பிறகு ஃபிசியோதெரபி: டர்பனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜூன் மாதம் காம்ரேட்ஸ் ஓட்டம் (டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையிலான நெடுந்தூர ஓட்டம்) முடிந்த வாரத்தில், கிளினிக் வாசல் படியைப் பார்த்தாலே யார் யார் ஓடினார்கள் என்று தெரிந்துவிடும். பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் இறங்குவார்கள். மார்ச், ஏப்ரலில் கிரிக்கெட் முடிந்து வருபவர்களுக்கு வேறு தொல்லை. காரின் பின் சீட்டிலிருந்து பையை எடுக்கக்கூடத் தோள் ஒத்துழைக்காது. சாட்ஸ்வொர்த், மியர்பேங்க், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கத்து ஆட்கள், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து இங்கே ஓடப் பழகியவர்கள் என்று எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். டர்பனில் ஃபிசியோவாக இருக்கும் என் பதில்கள் கீழே. எல்லாம் பொதுவாகச் சொன்னவை. உங்கள் காலைத் தொட்டுப் பார்க்காமல் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

சீசன்தான் முடிந்துவிட்டதே, இரண்டு மாதம் சும்மா இருந்தால் தானாகச் சரியாகிவிடாதா?

சிலது சரியாகிவிடும். ஓட்டத்துக்குப் பின் வரும் தசை வலி ஒரு வாரத்தில் போய்விடும். லேசான தசைப்பிடிப்பும் போய்விடும். இவற்றுக்காக என்னிடம் வந்து காசு செலவழிக்க வேண்டாம்.

ஆனால் நான்கு மாதமாக இருக்கும் குதிகால் வலி, ஒவ்வொரு சீசனிலும் அதே இடத்தில் கிழியும் பின்தொடை, மூன்றாவது தடவை பிசகிய கணுக்கால் எல்லாம் ஓய்வால் மட்டும் தீராது. சும்மா இருக்கும்போது வலி குறைவது உண்மை. சுமை இல்லாததால் குறைகிறது, அவ்வளவுதான். அந்த இரண்டு மாதத்தில் தசையும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும் இன்னும் பலவீனமாகிவிடும். செப்டம்பரில் பழைய வேகத்தில் ஓட ஆரம்பித்தால் மூன்றாவது வாரத்திலேயே வலி திரும்பி வரும். "நன்றாகத்தானே இருந்தது, திடீரென்று வந்துவிட்டது" என்பார்கள். வலி போவது வேறு, தாங்கும் சக்தி திரும்புவது வேறு. முதலாவதுக்கு ஓய்வு உதவும். இரண்டாவதுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமை ஏற்ற வேண்டும். ஃபிசியோதெரபியில் பெரும்பகுதி இந்தச் சுமைக் கணக்குதான்.

காம்ரேட்ஸ் ஓடியவர்களுக்கு நான் சொல்வது இது: முதல் இரண்டு வாரம் ஓட்டமே வேண்டாம். நடங்கள், கடலில் இறங்குங்கள். இந்தியப் பெருங்கடல் டர்பனில் ஜூலையில்கூட இறங்கக்கூடிய அளவு வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு பயிற்சியைத் தொடங்கலாம்.

எந்தக் காயத்துக்கு எவ்வளவு நாள் ஆகும்?

தசை லேசாகக் கிழிந்திருந்தால் ஒன்று முதல் மூன்று வாரம். கொஞ்சம் பெரிதாகக் கிழிந்து, ரத்தம் கட்டி, நடக்கும்போது நொண்டினால் நான்கு முதல் எட்டு வாரம். கணுக்கால் ஜவ்வு சாதாரணமாகப் பிசகியிருந்தால் சில வாரங்களில் நடை சரியாகிவிடும். ஆனால் சமநிலையும் பலமும் முழுதாகத் திரும்ப மூன்று மாதம்கூட ஆகலாம். தசைநாண் வலி பொறுமையைச் சோதிக்கும், பன்னிரண்டு வாரத்துக்குக் குறைவாக யாருக்கும் நான் வாக்குக் கொடுப்பதில்லை. முன்காலெலும்பில் (முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பில்), திரும்பத் திரும்ப ஏறும் சுமையால் விழும் அழுத்தக் கீறல் சாதாரண இடத்தில் இருந்தால் ஆறு முதல் எட்டு வாரம். முழங்காலுக்குள் ஏசிஎல் ஜவ்வு கிழிந்து அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தால், உதைபந்துக்கோ நெட்பாலுக்கோ திரும்பக் குறைந்தது ஒன்பது மாதம். அதற்கு முன்பே களம் இறங்கியவர்களுக்கு மறுபடி கிழிவது கூடுதல் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆறாம் மாதம் கால் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். அந்த நேரத்தில்தான் கோச்சும் போன் பண்ணுவார்.

ஃபிசியோவிடம் வராமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டியது எப்போது?

கணுக்கால் பிசகியதும் நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது இரு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்பின் நுனியிலோ பின்விளிம்பிலோ அழுத்தினால் உயிர் போகிறது என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பாதத்தின் வெளிவிளிம்பில் நடுவே புடைத்திருக்கும் எலும்புக்கும், உள்பக்க வளைவின் மேலுள்ள எலும்புக்கும் இதே விதிதான். கனடாவில் ஒட்டாவா மருத்துவர்கள் 1992இல் வகுத்த இந்த விதியை உலகம் முழுக்க அவசரப் பிரிவுகளில் பின்பற்றுகிறார்கள்.

நீண்ட ஓட்டத்துக்குப் பின் சிறுநீர் கோக் நிறத்தில் போனால் அன்றைக்கே போங்கள். தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, நடக்காமல் இருக்கும்போதும் வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து காம்ரேட்ஸுக்கு வந்து, மறுநாளே ஆறு மணி நேரம் காரில் உட்கார்ந்து திரும்புகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அந்தக் காலை யாரிடமும் கொடுத்துத் தேய்க்காதீர்கள். ஓட்டக்காரருக்கு இடுப்பின் முன்புறத்திலோ தொடை இடுக்கிலோ ஆழமான வலி, காலை ஊன்றும்போது கூடுகிறது என்றால் தொடையெலும்பின் கழுத்தில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த எலும்பு முழுதாக முறிந்தால் கதை வேறு. முதுகு வலியோடு சிறுநீர் அடக்க முடியவில்லை, உட்காரும் இடம் மரத்துப்போகிறது என்றால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

ஃபிசியோவைப் பார்க்க டாக்டர் சீட்டு வேண்டுமா? செலவு?

தென்னாப்பிரிக்காவில் வேண்டாம். நேரே வரலாம். வருகிற இடத்தில் இருப்பவர் நாட்டின் சுகாதாரத் தொழில் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று மட்டும் பாருங்கள். பதிவு எண் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இருந்தால், பெரும்பாலான திட்டங்களில் ஃபிசியோ செலவு திட்டத்துக்குள்ளேயே இருக்கும் சேமிப்புக் கணக்கிலிருந்தே போகும். அந்தக் கணக்கு ஜனவரியில் நிரம்பும், பல குடும்பங்களில் ஜூலைக்குள் வற்றிவிடும். குழந்தையின் காய்ச்சல், அம்மாவின் கண்ணாடி எல்லாவற்றுக்கும் அதே பணம்தான். அதனால் முதல் நாளிலேயே "என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது, இதற்குள் எத்தனை தடவை வர வேண்டும்?" என்று கேளுங்கள். நல்ல ஃபிசியோ அதற்கேற்பத் திட்டம் போடுவார். பல காயங்களுக்கு, வீட்டுப் பயிற்சியை ஒழுங்காகச் செய்தால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்தால் போதும். வாரம் மூன்று தடவை வரச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் மெஷினை மாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போகிறவரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மெடிக்கல் எய்ட் இல்லையென்றால் சாட்ஸ்வொர்த்தில் ஆர்.கே. கான், ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. பொதுவாக உள்ளூர் கிளினிக்கில் காட்டி, அங்கிருந்து கடிதம் வாங்கிப் போக வேண்டும். வரிசை நீளம்தான். ஆனால் அங்கே இருப்பவர்களும் எங்களைப்போல அதே பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள்தான்.

பயோகைனடிசிஸ்ட் என்று ஒரு தொழில் இந்த நாட்டில் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இது புதிதாக இருக்கும். காயத்தின் முதல் கட்டத்தை ஃபிசியோ பார்த்த பிறகு, ஜிம்மில் பலம் கூட்டி மறுபடி களத்துக்கு அனுப்பும் கட்டம் அவர்களுடையது. எங்களுக்குள் போட்டி என்று நினைக்க வேண்டாம். ஏசிஎல் மாதிரி நீண்ட வேலைக்கு இருவரும் வேண்டும்.

முதல் நாள் என்ன செய்வீர்கள்?

பேசுவோம், நிறையப் பேசுவோம். எப்போது தொடங்கியது, காலையில் எப்படி, ஓட்டத்தின் எத்தனையாவது கிலோமீட்டரில் வருகிறது, புது ஷூ வாங்கினீர்களா, தூக்கம் எப்படி, வேலையில் நின்றுகொண்டே இருக்கிறீர்களா என்றெல்லாம் கேட்போம். அப்புறம் நடக்கச் சொல்வோம், ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழச் சொல்வோம், இரண்டு பக்கத்தின் பலத்தையும் ஒப்பிடுவோம். கட்டிலில் படுக்க வைத்துத் தேய்ப்பது கடைசி பத்து நிமிடம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். "தேய்க்கவே இல்லையே" என்று ஏமாற்றத்தோடு போகிறவர்கள் உண்டு. அரைக்கால் டிரவுசர் போட்டுக்கொண்டு வாருங்கள். ஜீன்ஸுக்கு மேலாக முழங்காலைப் பார்க்க முடியாது.

ஐஸா, வெந்நீரா? ஆயா நல்லெண்ணெய் தேய்க்கச் சொல்கிறார்.

அடிபட்ட முதல் இரண்டு நாள் ஐஸ் வலியைக் குறைக்கும். துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். குணமாவதை அது வேகப்படுத்தும் என்று நம்ப வேண்டாம். ஓய்வு, ஐஸ், இறுகக் கட்டுதல், உயர்த்தி வைத்தல் என்ற சூத்திரத்தை 1978இல் பிரபலமாக்கிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், பிற்காலத்தில் ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று தானே எழுதினார். ஐஸ் வேண்டுமென்றால் வையுங்கள், வைக்காவிட்டாலும் குடி முழுகிப்போகாது.

பழைய, இறுகிப்போன வலிக்கு வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். நல்லெண்ணெயும் அப்படித்தான். ஆயாவின் கை பட்டால் தசை தளரும், தூக்கம் வரும், இரண்டுமே நல்லதுதான். கிழிந்த தசையை முதல் மூன்று நாளில் அழுத்தித் தேய்ப்பது மட்டும் கூடாது. ரத்தக்கசிவு அதிகமாகும். எலும்பு முறிந்ததோ என்ற சந்தேகம் இருக்கும்போது இழுத்துக் கட்டுபவர்களிடமும் போக வேண்டாம். புத்தூர்க் கட்டுப் பழக்கம் உள்ள ஊர்களிலிருந்து வந்தவர்களுக்குச் சேர்த்துத்தான் சொல்கிறேன். முதலில் எக்ஸ்ரே.

ஸ்கேன் எடுத்துவிட்டு வரட்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். வலியே இல்லாதவர்களை எம்ஆர்ஐயில் வைத்துப் பார்த்த ஆய்வுகளில், இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும், ஐம்பது வயதுக்காரர்களில் 80 சதவீதம் பேருக்கும் முதுகுத் தட்டுகளில் (டிஸ்க்) தேய்மானம் தெரிந்தது. ஸ்கேன் அறிக்கையில் "தேய்மானம்" என்று பார்த்ததும் குனியவே பயப்படுகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். அறுவைச் சிகிச்சை வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தால், எலும்புக் கீறல் சந்தேகம் இருந்தால், ஆறு வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் அசையவில்லையென்றால் ஸ்கேன் எடுக்கலாம்.

இறங்குமுக ஓட்டத்தில் தொடை ஏன் இப்படிச் செத்துப்போகிறது?

காம்ரேட்ஸ் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே சுமார் 90 கிலோமீட்டர். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தொடங்கும் ஆண்டில் மலைமேட்டிலிருந்து கடல்மட்டத்துக்கு இறங்குகிறீர்கள். பாதித் தூரம் தாண்டி, ஏற்கெனவே களைத்த காலோடு க்ளூஃபிலிருந்து பைன்டவுன் நோக்கி ஃபீல்ட்ஸ் ஹில் இறங்கும்போது, ஒவ்வொரு அடியிலும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. சுருங்கிக்கொண்டு வேலை செய்வதைவிட நீண்டுகொண்டு வேலை செய்யும்போதுதான் தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் அதிகம். ஏறுவதைவிட இறங்குவதுதான் தொடையை உடைக்கிறது. இங்கே பல வருடம் ஓடிய யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

நல்ல செய்தி என்னவென்றால், இந்தத் தசைக்கு நினைவு உண்டு. ஒருமுறை இறக்கத்தில் பழகினால் அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் அவ்வளவு வலிக்காது. அதனால் அடுத்த இறங்குமுக ஓட்டத்துக்கு ஆயத்தம் என்பது, ஜிம்மில் படிக்கட்டிலிருந்து ஒற்றைக்காலால் மெதுவாக இறங்கும் பயிற்சியும், மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை நிஜமான இறக்கத்தில் ஓடுவதும்தான். படி இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். சாய்ந்தால் இடுப்புப் பக்கத் தசைக்கும் வேலை கொடுக்க வேண்டும்.

குதிகால் மேல் நாண் வலிக்கிறது. காலையில் முதல் பத்து அடி நரகம். என்ன செய்வது?

இது அகில்லிஸ் தசைநாண். நடுவயது ஓட்டக்காரர்களின் பொதுச்சொத்து. கிளினிக்கில் அதிக நேரம் போவது இதற்குத்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு படியில் பாதத்தின் முன்பாதியை மட்டும் வைத்து நில்லுங்கள், குதிகால் வெளியே தொங்கட்டும். கைப்பிடியை இரண்டு விரலால் தொட்டுக்கொள்ளுங்கள், தொங்காதீர்கள். நல்ல காலால் மேலே எழும்பி, எடையை வலிக்கும் காலுக்கு மாற்றி, மனதுக்குள் மூன்று எண்ணியபடி குதிகாலைக் கீழே இறக்குங்கள். படிமட்டத்துக்கும் கீழே போக வேண்டும். மறுபடி நல்ல காலால் மேலே. இப்படிப் பதினைந்து தடவை, மூன்று சுற்று. முழங்காலை நீட்டி ஒரு தொகுதி, லேசாக மடக்கி ஒரு தொகுதி. காலையும் மாலையும், பன்னிரண்டு வாரம். ஸ்வீடனில் ஆல்ஃப்ரெட்சன் என்ற எலும்பு மருத்துவரின் குழு 1998இல் வெளியிட்ட முறை இது. கூட்டிப் பார்த்தால் நாளைக்கு 180 தடவை. இத்தனை முறை எல்லோராலும் முடியாது. எடையைக் கூட்டி, வாரம் மூன்று நாள் மெதுவாகச் செய்யும் முறையும் அதே அளவு பலன் தருகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. உங்கள் நாளுக்கு ஒத்துவருவதைத் தேர்ந்தெடுங்கள். வலி நாணின் நடுவில் இல்லாமல் குதிகால் எலும்போடு ஒட்டும் இடத்தில் இருந்தால் படிமட்டத்துக்குக் கீழே இறக்காமல் தரையிலேயே செய்ய வேண்டும்.

செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம். பத்துக்கு நான்கு வரை பரவாயில்லை. மறுநாள் காலை முதல் அடிகள் எப்படி இருக்கின்றன என்பதுதான் நீதிபதி. நேற்றையதைவிட மோசம் என்றால் சுமையைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். மற்றபடி நாணை விரலால் கிள்ளிக் கிள்ளிப் பார்ப்பதை விடுங்கள். விதை முளைத்ததா என்று தினமும் தோண்டிப் பார்ப்பது மாதிரிதான் அது. கடற்கரை மணலில், அதுவும் சாய்வான ஈர மணலில் ஓடுவதையும் இந்த மாதங்களில் விடுங்கள். நடைபாதையே மேல்.

திடீரென்று யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் பட்டென்று ஒரு சத்தம், திரும்பிப் பார்த்தால் யாருமில்லை என்றால் நாண் அறுந்திருக்கலாம். அன்றே மருத்துவமனை. நம்ம டர்பன் சுழற்பந்து வீச்சாளர் கேசவ் மகராஜுக்கு 2023 மார்ச்சில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெஸ்டில் இது நடந்தது. விழுந்த விக்கெட்டைக் கொண்டாட ஓடிய ஓட்டத்தில் அறுந்தது. அறுவைச் சிகிச்சை, ஃபிசியோ எல்லாம் முடித்து அதே ஆண்டு அக்டோபரில் உலகக் கோப்பை ஆடினார். சென்னை சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக ஒரே ஒரு விக்கெட் மிச்சமிருந்தபோது வெற்றி பவுண்டரியை அடித்ததும் அவர்தான். ஆனால் அவருக்கு முழுநேர மருத்துவக் குழு இருந்தது, வேலையே அதுதான். ஆபீஸ் போய்க்கொண்டே குணமாகிறவர்கள் ஒன்பது மாதம், ஒரு வருடம் என்று கணக்குப் போடுங்கள்.

உதைபந்து ஆடும்போது ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசை) ஒவ்வொரு வருடமும் போகிறது.

ஒருமுறை போனதுதான் மறுபடி போவதற்கு முக்கியக் காரணம். முதல் தடவை அரைகுறையாகக் குணமாக்கிவிட்டு ஆடியிருப்பீர்கள். நார்டிக் என்ற பயிற்சி இருக்கிறது. மண்டியிட்டு நில்லுங்கள், நண்பர் உங்கள் கணுக்கால்களை அழுத்திப் பிடிக்கட்டும், இடுப்பு மடங்காமல் உடம்பை முன்னால் மெதுவாகச் சாய்த்துக்கொண்டே போங்கள், முடியாத இடத்தில் கையை ஊன்றி விழுங்கள். முதல் வாரம் ஐந்து தடவைக்கே மறுநாள் உட்கார முடியாது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், இதைச் செய்யும் அணிகளில் ஹாம்ஸ்ட்ரிங் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இவ்வளவு மலிவான மருந்து வேறு இல்லை, ஆனாலும் கிளப்களில் பத்து வாரத்துக்கு மேல் தொடர்ந்து செய்பவர்கள் குறைவு. இதோடு, ஆட்டத்துக்குத் திரும்புமுன் பயிற்சியில் முழு வேகத்தில் ஓடிப் பார்த்திருக்க வேண்டும். மேட்ச் நாளில்தான் முதல் முழு வேக ஓட்டம் என்றால் அது சூதாட்டம்.

கணுக்காலுக்கு?

பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நில்லுங்கள். சுலபமாகிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு. ஒரு வருடத்துக்காவது ஆட்டத்தின்போது பட்டையோ டேப்போ போடுங்கள். போதும்.

வலி மாத்திரை, ஊசி, உலர் ஊசி?

பனாடோ (பாராசிட்டமால்) பொதுவாகப் பரவாயில்லை, அளவைத் தாண்டாமல். வோல்டரன், ஐபுபுரோஃபன் வகை வலி மாத்திரையை நீண்ட ஓட்டத்துக்கு முன்னோ ஓட்டத்தின்போதோ போடாதீர்கள். உடம்பில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் அது சிறுநீரகத்தைத் தாக்கும். ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் எப்போதுமே போடக் கூடாது.

கார்ட்டிசோன் (ஸ்டீராய்டு) ஊசி சில வாரம் சொர்க்கம். ஆனால் முழங்கை வலிக்கு ஊசி போட்டவர்கள் ஒரு வருடம் கழித்து, போடாதவர்களைவிட மோசமாக இருந்தார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அகில்லிஸ் நாணுக்குள் போட்டால் அறுந்துபோகும் ஆபத்தும் உண்டு. இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் தசைநாணைப் பலவீனமாக்கும். சிறுநீர்த் தொற்றுக்கு அதை எழுதும் டாக்டரிடம் நீங்கள் ஓடுபவர் என்று சொல்லுங்கள்.

உலர் ஊசி (மருந்தில்லாத மெல்லிய ஊசியைத் தசைக்குள் குத்துவது) இங்கே ரொம்பப் பிரபலம். தசை இறுக்கம் ஓரிரு நாள் தளரும், அந்த நேரத்தில் பயிற்சி செய்ய வசதி. அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். தோளிலும் நெஞ்சுப் பக்கத்திலும் போட்டபின் மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனை.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. வேறுபாடு உண்டா?

உண்டு, இதைத் தயவுசெய்து முதல் நாளே சொல்லிவிடுங்கள். நம் இந்தியக் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சர்க்கரை கூடுதலாகவே இருந்தால் தசைநாண் தடித்து விறைக்கும், காயம் மெதுவாக ஆறும். பந்து எறிந்து வந்த தோள் வலி என்று நினைத்து வருபவர்களில் சிலருக்கு இருப்பது உறைந்த தோள், அதாவது மூட்டு இறுகி அசைய மறுக்கும் தோள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது பல மடங்கு அதிகம், முழுதாக விலக ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகும். கையை வெளிப்பக்கம் திருப்பவே முடியவில்லையென்றால் அந்தச் சந்தேகம் வர வேண்டும்.

பாதம் மரத்திருந்தால் புது ஷூவில் ஓடிவிட்டு வந்ததும் சாக்ஸைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள். கொப்புளம் வலிக்காது, ஆனால் புண்ணாகும். தைப்பூசக் காவடிக்கு வெறுங்காலில் தார் ரோட்டில் நடப்பதையும், தீமிதியையும் இதே காரணத்துக்காக டாக்டரிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள். வேண்டுதலை நான் தடுக்க மாட்டேன். மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாது என்பதை மட்டும் சொல்லிவிடுவேன். குதிகால் வலிக்காரர்கள் காவடிக்கு முந்தைய ஒரு மாதம் வீட்டிலும் முற்றத்திலும் கொஞ்ச நேரம் வெறுங்காலில் நடந்து பழகினால் அன்றைய நாள் அவ்வளவு கொடுமையாக இராது.

புரட்டாசி விரதம் வருகிறது. மீன், முட்டை, கறி இல்லாமல் தசை எப்படி வளரும்?

நல்ல கேள்வி. ஜூனில் காயம்பட்டவர் பலம் கூட்டும் கட்டத்தில் இருக்கும்போதுதான் செப்டம்பர் நடுவில் புரட்டாசி தொடங்குகிறது. பலப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் நல்ல இலக்கு. எழுபது கிலோ ஆள் என்றால் சுமார் 110 கிராம். சோறும் உருளைக்கிழங்குக் கறியும் மட்டும் சாப்பிட்டால் பாதிகூட வராது. விரதம் என்றாலே நம் வீடுகளில் பொரித்த பதார்த்தம்தான் கூடுகிறது, அதை நான் சொல்லி யாரும் கேட்கப் போவதில்லை.

வெந்த பருப்பு ஒரு கிண்ணம் சுமார் 18 கிராம். சுகர் பீன்ஸ் (இங்கே கிடைக்கும் ஒருவகைக் காய்ந்த பீன்ஸ்) கறி ஒரு கிண்ணம் 15. நூறு கிராம் பன்னீர் 18. காய்ந்த சோயா உருண்டை ஐம்பது கிராம் 25. ஒரு டம்ளர் பால் 8, ஒரு கை நிலக்கடலை 7. மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிட்டால் எட்டிவிடலாம். சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஒருவேளை மட்டும் சாப்பிடும் விரதமானால் அந்த நாட்களில் கடினமான பயிற்சியை வைக்காதீர்கள்.

மறுபடி எப்போது ஓடலாம், ஆடலாம்?

நாள்காட்டி சொல்லாது, கால்தான் சொல்லும். அரை மணி நேரம் வேகமாக நடந்தும் மறுநாள் வலி கூடவில்லை, ஒற்றைக்காலில் குதிகாலை உயர்த்துவது இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம், ஒற்றைக்காலில் குதித்து இறங்கும்போது பயமில்லை என்றால் ஓடத் தொடங்கலாம். இளைஞர்களுக்குக் குதிகால் உயர்த்துவது இருபது, இருபத்தைந்து தடவை வர வேண்டும். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று பத்துச் சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு மூன்று வாரத்தில் தொடர்ந்து ஓடும் நிலை வந்ததும் சனிக்கிழமை பார்க்ரன் (எல்லோரும் சேர்ந்து ஓடும் இலவச ஓட்டம்) போய் ஐந்து கிலோமீட்டரை மெதுவாக முடியுங்கள். நேரம் பார்க்க வேண்டாம். அங்கே போய்விட்டுப் பக்கத்தில் ஓடுகிறவரை முந்தாமல் இருப்பது சிலருக்கு எந்தப் பயிற்சியையும்விடக் கடினம்.

ஆட்டங்களுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். காயம்பட்ட காலின் பலமும் தாவும் தூரமும் மற்றக் காலோடு ஒப்பிட 90 சதவீதமாவது இருக்க வேண்டும், திடீரென்று திசை மாற்றி ஓடிப் பார்த்திருக்க வேண்டும், முழுப் பயிற்சியில் இரண்டு வாரமாவது கலந்துகொண்டிருக்க வேண்டும்.

பதினைந்து வயதுப் பையன், வேகப்பந்து போடுகிறான். முதுகு வலிக்கிறது என்கிறான். சீசன் முடிந்ததால் விட்டுவிடலாமா?

விடாதீர்கள். வளரும் பையன், வேகப்பந்து, இடுப்புக்கு மேல் ஒரு பக்கமாக வலி என்றால் முதுகெலும்பில் அழுத்தக் கீறல் என்றே வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். வலக்கையால் போடுபவனுக்குப் பெரும்பாலும் இடப்பக்கம் வலிக்கும். பின்னால் வளையும்போது கூடும், உட்கார்ந்தால் குறையும். அதனால் பள்ளிக்கூடத்தில் நன்றாகத்தான் இருப்பான். இங்கே மட்டும் எம்ஆர்ஐயைத் தள்ளிப்போட வேண்டாம் என்பேன். எக்ஸ்ரேயில் ஆரம்பக் கீறல் தெரியாமல் போகலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் சில மாதம் பந்துவீச்சை நிறுத்தி, வயிறு, முதுகு, இடுப்புத் தசைகளுக்குப் பலம் ஏற்றி எலும்பு ஒன்றுசேர விடலாம். இரு பக்கமும் முழுதாக முறிந்தபின் வந்தால் அது ஒன்றுசேராமலே போகலாம்.

பேட்டிங்கும் நிறுத்த வேண்டுமா என்பதை வலியைப் பார்த்து ஃபிசியோ சொல்வார். திரும்பத் தொடங்கும்போது வாரத்துக்கு எத்தனை பந்து என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பள்ளி அணி, கிளப், மாகாண முகாம் மூன்றிலும் போட்ட பந்துகளையும் சேர்த்து எழுத வேண்டும். மூன்று கோச்சுகளும் தங்கள் பங்கை மட்டும்தான் எண்ணுவார்கள். மொத்தத்தை எண்ண வீட்டில்தான் ஆள் வேண்டும்.